ஒரே ரைபிள், மானும் எல்க்கும்: .30-06 தோட்டாத் தேர்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கொலராடோவில் இரண்டாம், மூன்றாம் ரைபிள் வேட்டைப் பருவங்கள் மானுக்கும் எல்க் என்னும் பெரிய மான் இனத்துக்கும் ஒருசேரத் திறக்கின்றன. இரண்டு உரிமங்களையும் பையில் வைத்துக்கொண்டு ஒரே ரைபிளோடு மலையேறுகிறவர்கள் ஏராளம். 150 பவுண்டு மானையும் 700 பவுண்டு ஆண் எல்க்கையும் ஒரே தோட்டாவால் நெடுநேரம் துடிக்கவிடாமல் வீழ்த்த முடியுமா, முடியுமென்றால் எந்தத் தோட்டா என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

எங்கள் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கேலிபரை, அதாவது குழல் விட்டத்தைப் பற்றிய வாக்குவாதத்தில் செலவாகும் நேரத்தில் பாதியை, தோட்டாவின் முனையிலிருந்து பறந்துபோகும் குண்டின் கட்டுமானத்துக்குக் கொடுத்தால் போதும். பெரிய விலங்கு, மோசமான கோணம், மிக அருகு, மிகத் தொலைவு ஆகிய நான்கையும் தாங்கும் குண்டு எதுவோ அதைத் தேர்ந்து, அது தன் ரைபிளில் ஒரே இடத்தில் நெருங்கிக் கூடிப் படுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்கொண்ட நிலை

இதில் வரும் வேட்டைக்காரர் ஒரு மாதிரி ஆள். விஸ்கான்சின் காடுகளில் வெள்ளைவால் மான் வேட்டையாடிப் பழகியவர். முதல்முறையாக எல்க் உரிமமும் எடுத்திருக்கிறார். கையில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் .30-06. குழல் 22 அங்குலம், குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளின் முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, மேலே 3-9×40 ஸ்கோப். இதுவரை அவர் சுட்டதெல்லாம் 150 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடையளவு) சாதாரண மென்முனைக் குண்டு. அதில் விழாத மான் இல்லை என்பதால் அதையே கொண்டுபோகலாமா என்று கேட்கிறார். இதே இடத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் இந்த நிலையை எடுத்துக்கொண்டோம். கீழே வரும் வேகமும் ஆற்றலும் தயாரிப்பாளர் அட்டவணைகளையும் கடல்மட்டக் காற்றுக்கான எறிபாதைக் கணக்கையும் ஒட்டியவை; வேகம் என்று வரும் அடியெல்லாம் வினாடிக்கு.

சட்டம் அவரைத் தடுக்காது. கொலராடோ விதிப்படி பெருவிலங்குக்கு ரைபிள் குறைந்தது .24 கேலிபர் இருக்க வேண்டும். குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மானுக்குக் குண்டு 70 கிரெயின், எல்க்குக்கு 85 கிரெயின், இரண்டுக்கும் 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் என்பது கீழ்வரம்பு. குண்டு மென்முனை அல்லது குழிமுனை கொண்ட விரியும் வகையாக இருந்தாக வேண்டும். முழு உறையிட்ட ராணுவக் குண்டுக்கு இடமில்லை. .30-06 இந்த வரம்பையெல்லாம் வெகு எளிதாகத் தாண்டும். ஆனால் சட்டம் சொல்வது அனுமதியின் அடித்தளம் மட்டுமே. 85 கிரெயின் குண்டு எல்க்குக்குச் செல்லும் என்று விதிப்புத்தகம் சொல்வதை, அது போதுமான குண்டு என்று யாரும் படித்துவிடக் கூடாது.

மாநிலம் மாறினால் விதியும் மாறும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் துப்பாக்கி வேட்டை முழுவதற்கும் ஈயமற்ற தோட்டா கட்டாயம். ஓஹையோவில் மான் வேட்டைக்கு நேர்ச்சுவர்க் கூடு (வெடிமருந்தைத் தாங்கும் உலோகக் கூடு, மேலே கழுத்தாகக் குறுகாதது) கொண்ட தோட்டாக்களைத்தான் ரைபிளில் போடலாம், அங்கே .30-06 செல்லாது.

இரண்டு உடல்கள்

மானின் மார்பில் இதயமும் நுரையீரலும் சேர்ந்த உயிர்ப்பகுதி ஏறக்குறைய 8 முதல் 10 அங்குல வட்டம். எல்க்குக்கு 14 அங்குலத்துக்கும் மேல். இலக்கு பெரிது என்பதால் எல்க்கைச் சுடுவது எளிது என்று தோன்றும். சிக்கல் ஆழத்தில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் மானின் விலாவுக்கு நடுவே போகும் குண்டு மெல்லிய தோல், ஒரு விலா எலும்பு, நுரையீரல் என்று சீக்கிரமே மறுபக்கம் வந்துவிடும். ஆண் எல்க்கின் தோள் வழியாகப் போகும் குண்டு தடித்த தோலையும் அதில் காய்ந்த சேற்றையும் கனத்த தசையையும் தாண்டி, சில சமயம் முன்னங்காலின் மேலெலும்பையும் உடைத்துக்கொண்டுதான் நுரையீரலுக்குள் நுழைய வேண்டும். விலங்கு சாய்ந்து நின்றால் குண்டு கடக்க வேண்டிய தூரம் இன்னும் நீளும்.

நம் ஆள் இதுவரை சுட்ட மான்களில் 150 கிரெயின் குண்டுக்குச் சோதனையே வந்திருக்காது. மான் விழுந்தது குண்டு நல்ல குண்டு என்பதால் மட்டும் அல்ல. அந்த உடம்பு எந்தக் குண்டிடமும் அதிகம் கேட்பதில்லை என்பதாலும்தான்.

எல்க் வேட்டையில் தூரமும் இரு முனைகளில் வரும். அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் 40 கஜத்தில் திடீரென்று எழுந்து நிற்கும். அதே நாள் மாலையில் எதிர்ச்சரிவின் புல்வெளியில் 300 கஜத்துக்கு அப்பால் மேயும். 40 கஜத்தில் குண்டின் வேகம் உச்சத்தில் இருக்கிறது, அதைச் சிதறவைக்கும் அழுத்தமும் உச்சத்தில் இருக்கிறது. 400 கஜத்தில் நிலைமை தலைகீழ். குண்டு விரிவதற்கே வேகம் போதுமா என்ற சந்தேகம் வருகிறது. தோட்டாத் தேர்வு என்பது இந்த இரண்டு முனைகளுக்கும் ஒரே பதிலைத் தேடுவதுதான்.

குண்டுக்குள் என்ன இருக்கிறது

சாதாரண மென்முனைக் குண்டில் செம்புக் கலவை உறைக்குள் ஈயக்கரு இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்காது. உடம்பில் பட்டதும் முனை காளான்போல் விரிந்து அகன்ற காயம் உண்டாக்கும். நடுத்தர வேகத்தில் மானுக்கு இதைவிடச் சிறந்த குண்டு தேட வேண்டியதில்லை. விலையும் குறைவு. ஆனால் வேகம் 2,700 அடியைத் தொடும் அருகாமையில் கனத்த எலும்பில் பட்டால் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். பிரிந்த துண்டுகள் இலேசானவை, ஆழம் போகாது. அகலமான, பார்க்கக் கோரமான, ஆனால் ஆழமில்லாத காயத்தோடு எல்க் மலை தாண்டிப் போய்விடும். எல்க் வேட்டையில் நடக்கக்கூடியவற்றில் இதைவிட மோசமானது வேறில்லை.

இந்தக் குறை பழையது. ஜான் நோஸ்லர் 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் என்னும் மிகப் பெரிய மான் ஒன்றைச் சுட்டபோது, சேறு காய்ந்து பூசியிருந்த அதன் தோளில் பட்ட குண்டுகள் உள்ளே போகாமல் உடைந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் 1948-இல் விற்பனைக்கு வந்த பார்ட்டிஷன் குண்டு. குண்டின் நடுவே செம்புக் கலவையால் ஒரு குறுக்குச் சுவர். முன் அறையின் ஈயம் விரிந்து சிதறினாலும் பின் அறை அப்படியே உள்ளே போகும். மொத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு வரை மிஞ்சும். இன்றும் எல்க்குக்கு நம்பி எடுக்கக்கூடிய குண்டு அது.

அடுத்து வந்தவை பாண்டட் குண்டுகள். ஈயத்தையும் உறையையும் பற்றவைத்ததுபோல் ஒட்டிவிடுவதால் அவை பிரிவதில்லை. நோஸ்லர் அக்யூபாண்ட், ஃபெடரல் ட்ரோஃபி பாண்டட் டிப், ஸ்விஃப்ட் சிராக்கோ எல்லாம் இந்த இனம். அருகில் எலும்பில் பட்டாலும் எடையின் பெரும்பகுதியைக் காக்கும். தொலைவில் வேகம் தணிந்த பிறகும் பெரும்பாலும் 1,800 அடி வரை விரியும். ஒரே தோட்டாவால் இரண்டு விலங்கையும் வேட்டையாட நினைப்பவருக்கு இந்த இரட்டைக் குணம்தான் தேவை.

முழுச் செம்புக் குண்டுகள் வேறு வழியில் போகின்றன. பார்ன்ஸ் டி.டி.எஸ்.எக்ஸ்., ஹார்னடி சி.எக்ஸ்., ஃபெடரல் ட்ரோஃபி காப்பர் ஆகியவற்றில் ஈயமே கிடையாது. முனையின் குழி நான்கு அல்லது ஆறு இதழ்களாகப் பிளந்து பின்னால் வளையும். எடை கிட்டத்தட்ட முழுதும் மிஞ்சும். ஆழம் போவதில் இவற்றை விஞ்சுவது கடினம். இவற்றின் பலவீனம் வேகக் குறைவு. இதழ் திறக்கும் அளவுக்கு அழுத்தம் இல்லாவிட்டால் குண்டு ஊசி நுழைந்ததுபோல் சிறு துளையிட்டுப் போய்விடும். சில தயாரிப்பாளர்கள் இதற்கும் 1,800 அடியைக் கீழ்வரம்பாகச் சொல்கிறார்கள். நாங்கள் 2,000 அடிக்குக் கீழே செம்புக் குண்டைச் சுடாதீர்கள் என்போம், ஏனெனில் வரம்பில் நிற்கும் விரிவு அரைகுறை விரிவு.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளமாகும். கூட்டுக்குள் அதிக இடம் பிடிக்கும். நிலையாகச் சுழல வேகமான முறுக்கு வேண்டும். எடை உதிராத குண்டு என்பதால் ஒரு படி இலேசாகவே எடுக்கலாம். ஈயக் குண்டில் 180 எடுப்பவர் செம்பில் 165 அல்லது 168 எடுத்தால் ஆழத்தில் எதையும் இழக்கமாட்டார். வேகம் கூடுவதால் இதழும் நன்றாகத் திறக்கும்.

பெட்டி வாங்கும்போது பெயரை முழுதாகப் படியுங்கள். ஹார்னடியின் இ.எல்.டி.-எக்ஸ். வேட்டைக்கானது, இ.எல்.டி. மேட்ச் இலக்குப் போட்டிக்கானது. இரண்டின் முனையிலும் அதே சிவப்புப் பாலிமர், தோற்றமும் ஏறக்குறைய அதேதான். அவசரத்தில் கடை அலமாரியிலிருந்து மேட்ச் பெட்டியை எடுத்துவிடுவது மிக எளிது. போட்டிக் குண்டின் உறை மெலிது. அது உடம்பில் எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள்.

150, 165, 180

நம் ஆளின் பழைய தோட்டாவிலிருந்து தொடங்குவோம். 150 கிரெயின் சாதாரணக் குண்டு பெட்டிக் கணக்கில் 2,910 அடி வேகத்தில் கிளம்புகிறது. 300 கஜத்தில் சுமார் 2,080 அடியும் 1,445 அடி-பவுண்டும் மிச்சம். 400 கஜத்தில் 1,840 அடியும் 1,130 அடி-பவுண்டும். மழுங்கிய முனையுள்ள குண்டு காற்றில் சீக்கிரம் வேகமிழக்கிறது. தொலைவில் ஆற்றல் மெலிகிறது, அருகில் உடையும் அபாயம் கூடுகிறது. இரண்டு முனையிலும் தோற்கும் இந்தத் தேர்வை எல்க்குக்கு நாங்கள் ஏற்கவில்லை. மானுக்கு மட்டும் என்றால் எந்த ஆட்சேபமும் இல்லை.

180 கிரெயின் பழைய தலைமுறையின் எல்க் தோட்டா. அதற்கு நல்ல காரணம் இருந்தது. குண்டு பாதி உதிரும் என்று தெரிந்தால் உதிர்ந்தபின் மிஞ்சுவதற்காகக் கூடுதல் எடையோடு தொடங்க வேண்டும். சாதாரணக் குண்டுதான் கிடைக்கும் என்ற நிலையில் இன்றும் 180 எடுக்கச் சொல்வோம்.

பாண்டட் குண்டில் கணக்கு மாறுகிறது. 165 கிரெயின் பெட்டிக் கணக்கில் 2,800 அடி, 180 கிரெயின் 2,700 அடி. காற்றெதிர்ப்பை மீறி வேகத்தை எவ்வளவு காக்கிறது என்று சொல்லும் காற்றெதிர்ப்புக் குணகம் இரண்டுக்கும் 0.475 அளவில் இருந்தால் 300 கஜத்தில் இரண்டும் சுமார் 1,830 அடி-பவுண்டில் வந்து நிற்கின்றன. 400-லும் 1,550-ஐ ஒட்டியே இருக்கின்றன. ஆற்றலில் வித்தியாசமே இல்லை. 165-இன் பாதை சற்றுத் தட்டை, உதை சற்று மென்மை. 180-க்கு மிச்சமிருப்பது குறுக்கடர்த்தி (குண்டின் விட்டத்தை ஒப்பிட்ட எடை) மட்டும்: 0.271, எதிரில் 0.248. உடையாத குண்டில் அந்த வித்தியாசம் எல்க்கின் நுரையீரலை அடைவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்காது. ஆகவே இந்த ரைபிளுக்கு 165 பாண்டட், அல்லது செம்பில் 168. இதுவே எங்கள் தேர்வு.

பெட்டியில் அச்சிட்ட வேகத்தை அப்படியே நம்பக் கூடாது. அது பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தது. குழல் ஓர் அங்குலம் குறைந்தால் 20 முதல் 30 அடி வேகம் குறையும். இவருடைய 22 அங்குலக் குழலில் 2,800 என்பது 2,750 அளவில்தான் இருக்கும். அந்தக் கணக்கில் 300 கஜத்தில் சுமார் 2,190 அடியும் 1,750 அடி-பவுண்டும். 400 கஜத்தில் 2,000 அடியை ஒட்டி 1,490 அடி-பவுண்டும். எல்க்குக்கு 1,500 அடி-பவுண்டு, மானுக்கு 1,000 என்ற வாய்வழி அளவுகோலுக்கு நாங்கள் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. ஆற்றல் எண் குண்டு எப்படித் திறக்கும் என்பதைச் சொல்வதில்லை. ஆனாலும் வேகக் கணக்கும் ஆற்றல் கணக்கும் ஒரே இடத்தில் கோடு போடுகின்றன: 400 கஜத்துக்கு மேல் இந்த ரைபிள், தோட்டா ஜோடிக்கு வேலையில்லை.

மானுக்கு ஒன்று, எல்க்குக்கு ஒன்று?

கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் இதுதான் அதிகம் பேரைக் கெடுக்கிறது. ஒரே ரைபிளில் 150-ம் 180-ம் 100 கஜத்திலேயே வெவ்வேறு இடத்தில் படும். மேல் கீழ் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் விலகும், ஏனெனில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் குழல் அதிர்வது வேறு. இந்த விலகல் எவ்வளவு என்று அட்டவணை சொல்லாது. அந்த ரைபிள்தான் சொல்லும். மேகசினில் மான் தோட்டா இருக்கும்போது எல்க் எழுந்து நின்றால், மாற்றும் சத்தத்திலேயே அது போய்விடும். குளிரில் விரல் மரத்த நிலையில் பையிலிருந்து எடுப்பது எது என்று பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

பாண்டட் குண்டு மானுக்குக் கடினமாகிவிடாதா என்ற கவலை ஓரளவு உண்மை. விலாவுக்கு நடுவே எலும்பு தொடாமல் போனால் மான் 50, 100 கஜம் ஓடி விழக்கூடும். செம்பில் இது இன்னும் சற்று அதிகம். மாற்று எளிது: கடினமான குண்டால் மானைச் சுடும்போது குறியை இரண்டு அங்குலம் முன்னே தள்ளித் தோளில் வைத்தால் போதும். எலும்பு குண்டைத் திறக்கும், மான் அங்கேயே அமரும். கொஞ்சம் தோள் இறைச்சி போகும். எல்க்குக்கு மென்மையான குண்டைக் கொண்டுபோவதற்கு இப்படி ஒரு மாற்று கிடையாது.

சுடுதளத்தில்

முதலில் குழலின் மேல் முத்திரையையும் தோட்டாவின் அடிமுத்திரையையும் ஒப்பிட வேண்டும். .308 வின்செஸ்டர் தோட்டா .30-06 அறைக்குள் போய்விடும், சில சமயம் வெடிக்கவும் செய்யும். கூடு பிளந்து வாயு பின்னால் வரும். வீட்டில் இரண்டு கேலிபரும் இருந்தால் ஒரு மேசையில் இரண்டையும் திறந்து வைக்காதீர்கள்.

பாண்டட் 165, செம்பு 168, பார்ட்டிஷன் 165 என்று மூன்றிலும் ஒவ்வொரு பெட்டி, 20 தோட்டா வாங்கிப் பார்க்கலாம். குழலைச் செம்புக் கறை போகும்வரை சுத்தம் செய்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஈயக்கருக் குண்டின் கறை படிந்த குழலில் உடனே செம்புக் குண்டைச் சுட்டால் இலக்கில் குண்டுகள் படும் கூட்டம் விரியக்கூடும். அந்தக் குண்டு சரியில்லை என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். ஒவ்வொரு வகை மாறும்போதும் சுத்தம், பிறகு மூன்று தோட்டா குழலைப் பழக்க, அதன் பிறகே கணக்கு.

100 கஜத்தில் ஐந்து ஐந்தாக இரண்டு கூட்டம். மூன்று தோட்டாக் கூட்டத்தை நம்பி முடிவெடுப்பது தற்செயலை நம்புவது. முக்கால் அங்குல மூன்று தோட்டாக் கூட்டம் கொடுத்த ரைபிள் பத்துத் தோட்டாவில் ஒன்றரை அங்குலம் கொடுப்பது சர்வசாதாரணம். பத்துத் தோட்டாவும் இரண்டு அங்குலத்துக்குள் நின்றால் அந்தத் தோட்டா வேட்டைக்குத் தகுதி பெற்றது. இரண்டு தகுதி பெற்றால் சிறிய கூட்டத்துக்காக அலையாமல் கட்டுமானத்தைப் பார்த்து எடுங்கள். வேட்டைக்குழல் மெலிது, சூடேறியதும் படும் இடம் நகரும். கூட்டங்களுக்கு நடுவே கையால் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறவிட வேண்டும். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கிடைத்தால் அதே சமயம் வேகத்தையும் எடுத்துவிடலாம்; பெட்டி எண்ணிலிருந்து 100 அடி குறைந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள், பாதையை மட்டும் மறுபடி கணக்கிடுங்கள்.

தேர்ந்த தோட்டாவில் நான்கைந்து பெட்டி, ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் வாங்கி வைப்பது அவசியம். லாட் எண் பெட்டியின் மூடி மடிப்பின் உட்புறத்திலோ பக்கத்திலோ அச்சாகியிருக்கும். வெடிமருந்தின் லாட் மாறினால் வேகம் மாறும், படும் இடமும் சற்று மாறலாம்.

ஜீரோ, அதாவது குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும் தூரம், 200 கஜத்தில். 100-இல் சுமார் இரண்டு அங்குலம் மேலே படவைத்தால் 200-இல் நேராக வரும். அதைக் கணக்கோடு விட்டுவிடாமல் 200-லும் 300-லும் சுட்டே பார்க்க வேண்டும். 250 வரை குறியை மாற்ற வேண்டாம்; அங்கே மூன்று, மூன்றரை அங்குலம்தான் தாழும். 300-இல் சுமார் எட்டு அங்குலம் தாழும். மானின் உயிர்ப்பகுதியிலிருந்து வெளியேற அதுவே போதும், ஆகவே 300-இல் மானுக்கு முதுகுக்கோட்டை ஒட்டிக் குறிவைக்க வேண்டும். 10 மைல் வேகப் பக்கக்காற்று அதே தூரத்தில் ஏழு அங்குலம் தள்ளும். தாழ்வைத் தூரமானி சொல்லிவிடும். காற்றைச் சொல்ல ஆளில்லை. தொலைசூட்டில் தவறுவது பெரும்பாலும் இதில்தான்.

மேசையும் மணல்பையும் ரைபிளைச் சோதிக்க மட்டுமே. கடைசிப் பெட்டியின் பாதியை உட்கார்ந்தும் முழந்தாளிட்டும் முதுகுப்பைமேல் சாய்த்தும் சுடுங்கள். ஐந்துக்கு ஐந்தும் எட்டு அங்குல வட்டத்துக்குள் விழும் தூரம் எதுவோ அதுவே அந்த ஆளின் எல்லை. பெரும்பாலோருக்கு அது தோட்டாவின் எல்லைக்கு வெகு முன்னரே வந்துவிடும்.

மலையில் மாறுபவை

8,500 அடி உயரத்தில் காற்று மெலிது. குண்டு வேகத்தை அதிக நேரம் காக்கும். கடல்மட்டத்தில் 400 கஜத்தில் எட்டும் 2,000 அடி வேகம் அங்கே 500 கஜத்தைத் தாண்டித்தான் வரும். அதைத் தூரத்தை நீட்டும் அனுமதியாக எடுத்துக்கொள்ளாமல் கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது நல்லது. 300 கஜத்தில் பாதை மாறுவது ஓர் அங்குலத்துக்கும் குறைவு. கடுங்குளிரில் மருந்து மெதுவாக எரிந்து வேகம் சிறிது குறைவது இதில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். விமானத்தில் வந்தவர், வண்டியில் குலுங்கி வந்தவர் யாராக இருந்தாலும் முகாமில் மூன்று தோட்டா சுட்டு ஜீரோவைச் சரிபார்க்காமல் காட்டுக்குள் போகக் கூடாது. விமானத்தில் தோட்டா சரக்குப் பெட்டியில்தான், தயாரிப்பாளரின் பெட்டியிலோ அதற்கென்று செய்த உறையிலோ வைத்து. பல நிறுவனங்கள் 11 பவுண்டு எடைக்கு மேல் ஏற்பதில்லை.

கோணத்தைப் பொறுத்தவரை பக்கவாட்டில் நிற்கும் எல்க்குக்கு முன்னங்காலின் பின்கோட்டை ஒட்டி, மார்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. பின்பக்கம் காட்டிச் சாய்ந்து நின்றால் மறுபக்க முன்னங்காலை மனத்தில் குறித்து அதை நோக்கிச் சுட வேண்டும். முன்பக்கம் காட்டிச் சாய்ந்து நிற்பது பாண்டட், பார்ட்டிஷன், செம்புக் குண்டுக்கு மட்டும் உரிய கோணம். அதுவும் 200 கஜத்துக்குள். நேர்ப்பின்புறம் எந்தக் குண்டுக்கும் இல்லை. நுரையீரலில் பட்ட எல்க் ஒன்றும் நடக்காததுபோல் நின்றுகொண்டிருக்கும்; அது சாதாரணம். போல்ட்டை இழுத்து அடுத்ததையும் போடுங்கள், அது விழாமல் நிற்கும்வரை.

வேறு ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு

.308-இல் இதே 165, சுமார் 100 அடி குறைந்த வேகம். எல்லை 50 கஜம் முன்னால் வரும், வேறொன்றும் மாறாது. .270-இல் மானுக்கு 130 போதும், இரண்டுக்கும் சேர்த்து 140 அல்லது 150 பாண்டட். 6.5 கிரீட்மோரில் 143 கிரெயின் குண்டு 300 கஜத்தில் சுமார் 2,250 அடி, 1,600 அடி-பவுண்டு. உதை குறைவு, துல்லியம் கைகூடும். 300 கஜத்துக்குள், தோள் எலும்பைத் தவிர்த்து, பொறுமையோடு சுடுகிறவருக்கு எல்க்குக்கும் அது போதும். முடிந்தால் அதிலும் பாண்டட் அல்லது செம்பு. .243 கொலராடோவில் எல்க்குக்குச் சட்டப்படி செல்லும், ஆனால் பிழைக்கு இடம் தராது. புதியவர் கையில் அதைக் கொடுத்து எல்க்கை நோக்கி அனுப்புவது தவறு.

.300 வின்செஸ்டர் மேக்னம் தொலைவில் உண்மையாகவே கூடுதல் தருகிறது. விலை உதையில்தான்: .30-06-இன் உதை எட்டு பவுண்டு ரைபிளில் சுமார் 20 அடி-பவுண்டு, மேக்னத்தில் 25-ஐத் தாண்டும். அதற்கு அஞ்சி விசையை இழுக்கும்போதே கண் மூடுகிறவருக்கு அந்தக் கூடுதல் ஆற்றல் எந்தப் பயனும் தராது. மேக்னத்தின் வேகத்தில் அருகாமையில் சாதாரணக் குண்டு உடையும் வாய்ப்பும் அதிகம்; மேக்னம் வைத்திருப்பவருக்குத்தான் திடமான குண்டு இன்னும் கட்டாயம்.

விலங்கைத் திறந்தபின்

தேர்வு சரியா என்பது தோலுரிக்கும்போது தெரியும். அதைப் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு. நுழைந்த துளையிலிருந்து கத்தியால் பாதையைத் தொடருங்கள். மறுபக்கத் துளை கட்டைவிரல் புகும் அளவு இருந்து நுரையீரல் கூழாகியிருந்தால் குண்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. மறுபக்கத் தோலுக்கு அடியில் காளானாகச் சிக்கியிருந்தாலும் குறையில்லை; எடுத்துக் கழுவி நிறுத்துப் பாருங்கள். 165-இல் 120 கிரெயினுக்கு மேல் மிஞ்சியிருந்தால் அந்த வேகத்துக்கு அது தாங்கியிருக்கிறது. உறை தனியாகவும் ஈயம் தனியாகவும் முதல் தோளிலேயே கிடைத்தால் குண்டு மென்மை, அல்லது வேகம் மிகை. இரு பக்கமும் குண்டளவே துளை, நடுவில் சேதம் சொற்பம் என்றால் குண்டு கடினம், அல்லது தூரம் மிகை. தூரம், கோணம், பட்ட எலும்பு, மிஞ்சிய எடை, விலங்கு ஓடிய தூரம் ஆகியவற்றைத் தோட்டாப் பெட்டியின் மூடியிலேயே எழுதி வைத்தால் லாட் எண்ணோடு சேர்ந்தே இருக்கும்.

ஈயக் குண்டு பட்ட இறைச்சியில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றி விலகிச் சிதறியிருக்கும். ஓர் அடி தாண்டியும் போவதுண்டு. 2008-இல் வடக்கு டகோட்டாவில் உணவு வங்கிகளுக்குக் கொடுத்த மான் இறைச்சியில் ஈயத் துகள் கண்டு அதைத் திரும்பப் பெற்றார்கள். இரத்தம் கட்டிய பகுதியைத் தாராளமாக வெட்டி நீக்குங்கள். கழுவினால் போதும் என்று நினைக்காதீர்கள், நீர் துகளைப் பரப்பும். வீட்டில் சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உண்ணப்போகும் இறைச்சி என்றால் எங்கள் முதல் தேர்வே 168 செம்புக்கு மாறிவிடும். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் கழுகுகளுக்கும் அது பொருந்தும். அரிசோனாவின் வடக்கே காண்டோர் கழுகுகள் பறக்கும் பகுதியில் 2005 முதல் மாநில வனவிலங்குத் துறையே வேட்டைக்காரர்களுக்கு ஈயமற்ற தோட்டாவை இலவசமாகக் கொடுத்து வருவது இதற்காகத்தான்.

மிஞ்சிய தோட்டாக்களில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் அறைக்குள் ஏற்றி மாலையில் இறக்கிய அதே ஒரு தோட்டாவின் குண்டு கூட்டுக்குள் சற்று அமிழ்ந்திருக்கலாம், முனையும் நசுங்கியிருக்கலாம். பக்கத்தில் புதியது ஒன்றை நிறுத்தி நீளம் பார்த்துக் குறுகியிருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். மற்றவற்றைப் பெட்டியிலிட்டு, வெப்பம் ஏறாத உலர்ந்த இடத்தில் வைத்தால் அடுத்த பருவத்துக்கு அப்படியே ஆகும். அந்த லாட் தீர்ந்து புதியது வாங்கும்போது 100 கஜத்தில் ஐந்து, 300-இல் மூன்று தோட்டா சுட்டு ஜீரோவை மறுபடி உறுதி செய்துகொள்ள வேண்டும்.